ஆர்.கே. ஸ்டுடியோ வழியா போறீங்களா? 'தீஸ்ரி கசம்' ஷைலேந்திராவைத் தெரிஞ்சுக்கோங்க

செம்பூரில் சயான்-டிராம்பே சாலையில் போகும்போது, ஆர்.கே. ஸ்டுடியோ இருந்த இடத்தைப் பார்த்திருப்பீர்கள். 2017-ல் தீ விபத்து, 2019-ல் கோத்ரெஜ் நிறுவனத்துக்கு விற்பனை. ராஜ் கபூரை எல்லோருக்கும் தெரியும். அவர் திரையில் பாடிய பல பாட்டுகளை எழுதியவரைத் தெரியுமா?

ஷைலேந்திரா 1923-ல் ராவல்பிண்டியில் பிறந்தவர். பூர்வீகம் பீகார், வளர்ந்தது மதுரா. 1947-ல் ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், நம்ம மாட்டுங்கா பட்டறைதான். வேலைநிறுத்த ஊர்வலங்களில் இன்றைக்கும் கேட்கிற ஓர் இந்தி முழக்கம் அவர் எழுதியது.

அவர் கவிதை வாசித்ததைக் கேட்ட ராஜ் கபூர், அதைப் படத்துக்கு விலைக்குக் கேட்டார். ஷைலேந்திரா மறுத்துவிட்டார். பிறகு மனைவி கர்ப்பம், கையில் காசில்லை. அவரே போய் நின்றார். 'பர்சாத்' (1949) படத்துக்கு இரண்டு பாட்டு, 500 ரூபாய்.

அதன்பின் ஏறுமுகம்தான். 'ஸ்ரீ 420' பாட்டு ஒன்றில் பத்துத் திசை என்று எழுதினார். ஜனங்களுக்கு நாலு திசைதானே தெரியும் என்றார் ஜெய்கிஷன். ஷைலேந்திரா மாற்றவில்லை. இந்தப் பிடிவாதத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

1960-களின் தொடக்கத்தில், ஃபணீஷ்வர்நாத் ரேணுவின் கதையைத் தானே படமாகத் தயாரிக்க இறங்கினார். மாட்டுவண்டிக்காரன் ஹீராமன், நௌடங்கி ஆட்டக்காரி ஹீராபாய். நௌடங்கி, நம்ம தெருக்கூத்து மாதிரி வட இந்தியக் கிராம மேடைக் கலை. ராஜ் கபூர் முழுச் சம்பளத்தையும் முன்பணமாகக் கேட்டாராம். எவ்வளவு? ஒரு ரூபாய்!

இந்தப் படத்தின் பாட்டுகளை இன்றிரவு ஹெட்போனில் கேளுங்கள். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பேர்போன சங்கர்-ஜெய்கிஷன் இங்கே அடக்கி வாசித்திருக்கிறார்கள். மன்னா டே கோரஸோடு பாடும் பாட்டில் டோலக்கும் போஜ்புரி வார்த்தைகளும் கிராமத்துக் கூட்டத்தையே கொண்டுவந்துவிடும். ஆஷா போன்ஸ்லே பாட்டு அசல் நௌடங்கி மேடை. வண்டி ஓட்டிக்கொண்டே பாடுவதாக வரும் முகேஷ் பாட்டு, ஏறக்குறைய சித்தர் பாட்டு. இந்தி சுமாராகத்தான் வரும் என்றாலும் பிடிக்கும்; எனக்கும் அப்படித்தான். தமிழில் 'அன்னக்கிளி' வர இன்னும் பத்து வருஷம் இருந்தது. 1968-ல் அமெரிக்காவின் 'தி பேர்ட்ஸ்' ராக் குழு நாட்டுப்புறக் கன்ட்ரி இசைக்குத் திரும்பி ஓர் ஆல்பம் போட்டது. அதுவும் அப்போது சரியாக விற்கவில்லை, இன்றைக்கு கிளாசிக்.

படம் முடிய சுமார் ஐந்து வருஷம் ஆனது. கடன் ஏறியது. காதலர்களைச் சேர்த்து வைங்க, படம் ஓடும் என்று முடிவை மாற்றச் சொன்னார்கள். ஹீராமன் தனியாகத் திரும்புவதுதான் கதையே. (ஸ்பாய்லருக்கு மன்னிக்கவும்.) இங்கேயும் அவர் மாற்றவில்லை.

1966-ல் 'தீஸ்ரி கசம்' வெளியாகித் தோற்றது. கடன்காரர்கள் நெருக்கினார்கள். குடியும் சேர்ந்துகொண்டது. அந்த டிசம்பர் 14, ராஜ் கபூரின் பிறந்தநாள். அன்றுதான் ஷைலேந்திரா இறந்தார். வயது 43.

அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருது 'தீஸ்ரி கசம்' படத்துக்குத்தான் கிடைத்தது. அறிவிப்பு வந்தபோது தயாரிப்பாளர் உயிரோடு இல்லை.