தும்பா தேவாலயமும் எங்கள் தலைக்கு மேலுள்ள வானமும்

விக்ரம் சாராபாயை எங்கள் பக்கத்தில் பலரும் அப்துல் கலாமின் குரு என்ற அளவிலேயே அறிவார்கள். அவர் ரொக்கெட் ஏவ இடம் தேடியதற்கான காரணம் யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலும் இருக்கிறது என்பதாலேயே அவரைப் பற்றி எழுதுகிறேன்.

1919 ஓகஸ்ட் 12இல் அகமதாபாத்தின் செல்வந்தத் துணியாலைக் குடும்பமொன்றில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் இருந்தவரை இரண்டாம் உலகப்போர் ஊருக்குத் திருப்பியது. பெங்களூரில் சி. வி. ராமனின் கீழ் அண்டக்கதிர் ஆய்வைத் தொடங்கினார். போரால் படிப்புக் குழம்பிய பிள்ளைகள் எங்களிடமும் உண்டு; அவர்களுக்கு ஒரு ராமன் கிடைக்கவில்லை. 1947இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுகூடத்தை நிறுவினார். அதன் முதல் இயக்குநர் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன்.

பூமியின் காந்தப்புலம் தரைக்குக் கிடையாக அமையும் இடங்களை இணைப்பது காந்த மத்திய கோடு. அது தென்னிந்தியாவின் முனையையும் இலங்கையையும் கடந்து செல்கிறது. அந்தக் கோட்டையொட்டி, சுமார் 105 கிலோமீற்றர் உயரத்தில், பகலில் ஒரு பலத்த மின்னோட்டம் ஓடுகிறது. சில நூறு கிலோமீற்றர் அகலமான அந்தப் பட்டிக்குள்தான் எங்கள் குடாநாடும் கிடக்கிறது. சூரியன் சாய்ந்ததும் மேலேயுள்ள அயனமண்டலம் உயர்ந்து குலையும். அதில் குமிழிகள்போல வெற்றிடங்கள் எழும். அவற்றினூடே வரும் வானொலி அலைகள் நடுங்கும்.

சூரியனிலிருந்து வரும் வீச்சு பூமியின் காந்தப்புலத்தைக் குலைக்கும்போது, துருவப்பக்கத்து மின்புலம் சில நிமிடங்களிலேயே இங்கு வந்துவிடும். சில மணித்தியாலங்கள் கழித்து, சூடேறிய மேல்வளியின் காற்றுகள் அந்த மின்னோட்டத்தையே எதிர்த்திசைக்குத் திருப்பவும் கூடும். ஒரு புயல் குமிழிகளைப் பெருக்கும், இன்னொன்று அடக்கிவிடும். அது எங்களுக்கு எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது.

தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத இரவுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றி, பிபிசி தமிழோசை கேட்டோம். ஊரில் என்ன நடந்தது என்பதை அறிய அதுதான் வழி. ஒலி அலைந்து கரையும். எல்லாப் பழியையும் வானத்தில் போடமுடியாது; சுற்றுகிறவரின் கை சோர்ந்தாலும் றேடியோ படுத்துவிடும்.

இந்த வானத்தை அளக்கத்தான் சாராபாய்க்குக் காந்த மத்திய கோட்டருகே கடற்கரை தேவைப்பட்டது. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள மீனவக் கிராமமான தும்பா தெரிவானது. அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. ஆயர் பீற்றர் பேர்னாட் பெரெய்ராவிடம் கேட்டார்கள். ஆயர் மக்களிடம் எடுத்துச் சொன்னார். தேவாலயம் வேலைத்தலமானது, குடும்பங்கள் வேறிடம் போயின. அதைப் பெருந்தன்மைக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு எழும்பிய எனக்கு, அந்தக் குடும்பங்களின் பக்கத்துக் கதைதான் முதலில் தேடத் தோன்றுகிறது. ஆனாலும் அங்கே கேட்டார்கள். எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.

1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ரொக்கெட் தும்பாவிலிருந்து எழுந்து, மேல்வளியின் காற்றை அளக்க சோடிய ஆவியை விசிறியது. யாழ்ப்பாணத்திலிருந்து நேர்கோட்டில் நானூறு கிலோமீற்றர்கூட இல்லை. 1968இல் அந்தத் தளம் ஐக்கிய நாடுகள் சபைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எந்த நாட்டு ஆய்வாளரும் அங்கே வந்து ரொக்கெட் ஏவலாம் என்ற ஏற்பாடு அது.

1971 டிசம்பர் 30ஆம் திகதி, தும்பாவிலிருந்து அதிக தூரமில்லாத கோவளத்தில், உறக்கத்திலேயே சாராபாய் இறந்தார். வயது 52. தேவாலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகமாக இருக்கிறது.