அடிமைகளின் பாட்டைக் காத்தவர்

அமெரிக்காவில் மனிதனை மனிதன் விலைக்கு வாங்கிய காலம் அது. ஆடு மாடுகளைப் போலக் கருப்பு இன மக்கள் சந்தையில் விற்கப்பட்டார்கள்.

அந்தக் கொடுமையில் பிறந்து, தப்பி ஓடி, அடிமைகளுக்காகப் பாட்டுப் புத்தகம் வெளியிட்டவர் வில்லியம் வெல்ஸ் பிரௌன்.

பெயரும் சொந்தம் இல்லை

கென்டக்கி மாநிலத்தில், 1814-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பிறந்தார். தாயார் பெயர் எலிசபெத். தந்தை ஒரு வெள்ளைக்காரர், எசமானரின் உறவினர். ஆனால் தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. அதுதான் அன்றைய சட்டம்.

எசமானர் வீட்டுக்கு வில்லியம் என்ற பெயருள்ள உறவுக்காரப் பையன் வந்து சேர்ந்தான். உடனே அடிமைச் சிறுவனின் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர்கூட அவனுக்குச் சொந்தம் இல்லை!

கண்ணீரோடு ஆட்டம்

வாலிப வயதில் ஓர் அடிமை வியாபாரியிடம் ஓராண்டு வாடகைக்கு விடப்பட்டார். அந்த வியாபாரி அடிமைகளைக் கப்பலில் ஏற்றி, மிசிசிப்பி ஆற்றின் வழியாக நியூ ஆர்லியன்ஸ் சந்தைக்குக் கொண்டு போவார்.

கிழவர்களை இளைஞர்களாகக் காட்ட வேண்டும். நரைமுடியைப் பிடுங்குவதும், மிஞ்சிய முடிக்குக் கருப்புச் சாயம் பூசுவதும் வில்லியத்தின் வேலை.

அதைவிடக் கொடிய வேலை ஒன்றும் இருந்தது. விலை பேச ஆட்கள் வருமுன் அடிமைகளைப் பாட வைக்க வேண்டும். ஆட வைக்க வேண்டும். மகிழ்ச்சியாக இருப்பவர்களைப் போலத் தோன்றினால்தான் நல்ல விலை கிடைக்கும். குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள் கன்னத்தில் கண்ணீர் வழிய ஆடினார்கள். அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

தாயைப் பிரிந்தார்

ஒருநாள் தாயை அழைத்துக்கொண்டு தப்பி ஓடினார். பகலில் காட்டில் பதுங்கி, இரவில் வடமீனைப் பார்த்து நடந்தார்கள். ஆனால் பிடிபட்டார்கள். தாயைத் தெற்கே விற்றுவிட்டார்கள். சங்கிலியில் கட்டுண்ட தாயைக் கப்பலில் கண்டதே கடைசி. நீயாவது தப்பிப் போ என்று அந்தத் தாய் மகனிடம் கூறினாள்.

1834 ஜனவரி முதல் நாள். கப்பல் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில் நின்றது. பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கரை இறங்கினார். திரும்பவே இல்லை. குளிரில் நோயுற்றுத் தவித்தவருக்கு வெல்ஸ் பிரௌன் என்ற முதியவர் அடைக்கலம் தந்தார். நன்றி மறவாமல் அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

மிட்டாய் கொடுத்துப் படித்தார்

இருபது வயது. எழுத்துத் தெரியாது. விறகு அறுத்துச் சம்பாதித்த முதல் காசில் பாதிக்கு எழுத்துப் புத்தகம் வாங்கினார். மீதிப் பாதிக்கு மிட்டாய் வாங்கினார். மிட்டாய் யாருக்கு? வீட்டுக்காரரின் பையன்களுக்கு! மிட்டாய் தின்ற பையன்கள் அவருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தச் சிறுவர்களே அவருடைய ஆசிரியர்கள்.

பிறகு ஈரி ஏரியில் ஓடிய கப்பலில் வேலை பார்த்தார். தப்பி வந்த அடிமைகளைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்றார். 1842-ல் மட்டும் ஏழே மாதங்களில் 69 பேரைக் கரை சேர்த்தார்.

பாட்டே ஆயுதம்

1847-ல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மறு ஆண்டு, அடிமை ஒழிப்புக் கூட்டங்களில் பாடுவதற்கான பாட்டுகளைத் திரட்டி, “அடிமை எதிர்ப்பு யாழ்” என்று பொருள்படும் பெயரில் பாஸ்டன் நகரில் வெளியிட்டார்.

பல பாட்டுகளுக்குப் புது மெட்டு இல்லை. ஸ்காட்லாந்தின் பழைய பாட்டு, பிரான்சின் புரட்சிப் பாட்டு, தேவாலயப் பாட்டு என்று ஊரறிந்த மெட்டுகளே இருந்தன. வார்த்தை கிடைத்தால் போதும். கூட்டமே சேர்ந்து பாடும். சங்கிலியில் பிணைத்து ஓட்டிச் செல்லப்பட்ட அடிமைகள் பாடியதாகச் சொல்லப்பட்ட பாட்டும் அதில் உண்டு. சந்தையில் விலையை ஏற்றிய பாட்டு, இங்கே சந்தையை ஒழிக்கும் ஆயுதம் ஆயிற்று!

1849-ல் ஐரோப்பா சென்றார். 1850-ல் அமெரிக்காவில் வந்த கடுமையான சட்டத்தால், தாயகம் திரும்பினால் மீண்டும் அடிமையாகும் அபாயம் இருந்தது. 1853-ல் லண்டனில் “குளோட்டல்” என்ற நாவலை வெளியிட்டார். அமெரிக்கக் கருப்பர் ஒருவர் எழுதி நூலாக வந்த முதல் நாவல் அது. 1854-ல் இங்கிலாந்து நண்பர்கள் பழைய எசமானருக்கு 300 டாலர் கொடுத்து அவருக்கு விடுதலை வாங்கினார்கள். அதன் பிறகே தாயகம் திரும்பினார்.

அழியாத செல்வம்

1865-ல் அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்தது. பிரௌன் ஓயவில்லை. முதுமையில் தென் மாநிலங்களில் சுற்றினார். 1880-ல் வெளியான அவருடைய நூலில், மக்காச்சோளக் கதிர் உரிக்கும்போது அடிமைகள் பாடிய பாட்டும், தெருவில் பழம் விற்கும் பெண்கள் பாடிக் கூவியதும் இடம்பெற்றன. ஏட்டில் ஏறாமல் வாய்மொழியாக வாழ்ந்த பாட்டுகள் அவை. பாடியவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. எழுதக் கற்ற ஒருவர் அவற்றை எழுதி வைத்தார்.

1884 நவம்பர் 6-ந் தேதி பாஸ்டனுக்கு அருகே உள்ள செல்சியில் பிரௌன் காலமானார். கருப்பு மக்களின் இசை வரலாற்றை ஆராயும் அறிஞர்கள் இன்றும் அவருடைய நூல்களைப் புரட்டுகிறார்கள்.

பாதிக் காசுக்கு வாங்கிய அந்த எழுத்துப் புத்தகம் வீண் போகவில்லை.