பரிசுப் புத்தகத்தில் ஒளிந்திருந்த புதிர்



பரிசளிப்பு விழாவில் மேடையேறிப் புத்தகம் வாங்கும் பிள்ளைகளுக்கும், கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஒரு கணித மேதையின் கதையைச் சொல்கிறோம். அவர் பெயர் அலன் டூரிங்.

வெள்ளைக்காரர் கதை நமக்கெதுக்கு என்று கேட்பீர்கள். அவருடைய தாயார் 1881-ல் பிறந்தது கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூரில். தாய்வழித் தாத்தா சென்னை ரயில்வேயில் தலைமை எஞ்சினியர். தந்தைக்குச் சென்னை மாகாணத்தில் அரசாங்க உத்தியோகம். அண்ணன் பிறந்தது குன்னூரில். ரயில்வேயை நம்பி வாழ்ந்த நம் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

அலன் 1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியா திரும்ப, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தனர். இருட்டோடு பெரட்டுக்கு ஓடும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போன தோட்டத்துத் தாய்மாருக்கு அந்தப் பிரிவு புரியும். ஆனால் நம் பிள்ளை வேலை முடிந்ததும் அம்மாவைப் பார்த்துவிடும்; அலன் மாதக்கணக்கில் காத்திருந்தார்.

சிறு வயதில் அவர் தானாகவே மூன்றே வாரத்தில் வாசிக்கக் கற்றுக்கொண்டாராம். தெருவிளக்குக் கம்பங்களில் உள்ள எண்களை நின்று நின்று பார்ப்பாராம். பள்ளியிலோ கோழி கிறுக்கிய மாதிரிக் கையெழுத்து. ஆசிரியர்களுக்கு ஓயாத குறை.

அந்தப் பள்ளியில் கிடைத்த ஒரு பரிசுக்கு அவரே தேர்ந்தெடுத்த புத்தகம், ரவுஸ் பால் என்பவர் எழுதிய கணித விளையாட்டு நூல். அதன் கடைசி அத்தியாயம் ரகசிய எழுத்தைப் பற்றியது. அலன் காகிதத் துண்டில் ஓட்டை போட்டு, ஒரு புத்தகத்தையும் சேர்த்து நண்பனிடம் கொடுப்பார். எந்தப் பக்கத்தில் வைத்தால் ஓட்டைகளில் செய்தி தெரியும் என்று நண்பன் தேட வேண்டும். சின்னப் பிள்ளை விளையாட்டுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள்!

1939-ல் போர் மூண்டது. ஜெர்மானியர் எனிக்மா என்ற பொறியால் செய்திகளை மறைத்து அனுப்பினர். அதை அமைக்கும் வழிகள் ஏறக்குறைய 159-க்குப் பின் 18 பூஜ்யம்! போலந்துக் கணித அறிஞர்கள் 1932-லேயே ஒரு கதவைத் திறந்திருந்தனர். பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் டூரிங் அந்த வேலையைத் தொடர்ந்தார்.

அவர்களுக்கு உதவிய ஒரு நுணுக்கத்தைக் கவனிச்சுப் பாருங்க. எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே திரும்பி வராது. வானிலைச் செய்தியில் இன்ன சொல் வரும் என்று ஊகித்து, மறைச்செய்தியின் கீழே வைத்துப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஒரே எழுத்து வந்துவிட்டால் அந்த இடம் தப்பு, தள்ளிவிடலாம். மீதியைச் சோதிக்க டூரிங் வடிவமைத்த பொறி 1940-ல் ஓடத் தொடங்கியது. கடலில் கப்பல்களை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கிகளின் செய்திகளும் பின்னர் பிடிபட்டன. எத்தனையோ மாலுமிகள் உயிர் பிழைத்தார்கள். இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படையான கருத்தை அவர் 1936-லேயே எழுதியிருந்தார்.

அப்படிப்பட்டவருக்கு நாடு செய்த கைம்மாறு என்ன? ஓர் ஆணோடு கொண்ட உறவுக்காக 1952-ல் நீதிமன்றம் தண்டித்தது; அந்நாளில் அங்கே அது குற்றம். சிறைக்குப் பதிலாக உடலை மாற்றும் மருந்தை ஏற்கச் செய்தார்கள். 1954 ஜூன் 7-ல், 41 வயதில், நஞ்சால் இறந்தார். அவருடைய போர்க்காலப் பணியோ ரகசியம். 1970-களில்தான் உலகம் அறியத் தொடங்கியது. 2009-ல் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. 2021-ல் 50 பவுன் நோட்டில் படம் வந்தது. எல்லாம் வந்தது, பார்க்க அவர்தான் இல்லை.

பெற்றோர்களே! பிள்ளை கணக்குப் புதிரோடு மூலையில் உட்கார்ந்தால் வீண்வேலை என்று விரட்டாதீர்கள். கையெழுத்தை மட்டும் பார்த்து அறிவை எடை போடாதீர்கள். நம்மைப் போல் இல்லாதவனை ஒதுக்காதீர்கள்.

மாணவர்களே! பரிசுப் புத்தகத்தை அலமாரியில் அடுக்கிவிடாதீர்கள். கடைசி அத்தியாயம் வரைக்கும் படியுங்கள்!