நீலத்தின் காரணம் தேடியவர்

மயிலாப்பூரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் மாலைதோறும் மக்கள் கடற்கரையை நாடி வருகின்றனர். கடலின் நீலத்தைக் கண்டு களித்து மீள்கின்றனர். அந்நீலம் எங்கிருந்து வந்தது என நின்று எண்ணுவோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலைசிறந்தவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன் ஆவார்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். இளமையிலேயே சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். சேப்பாக்கத்தில் கடலை நோக்கி நிற்பது அக்கல்லூரி. அங்கு 1904ஆம் ஆண்டில் பி. ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். ஒளி ஒரு சிறு துளையின் வழியே செல்லுங்கால் நிகழ்வனவற்றைத் தாமே ஆராய்ந்து எழுதினார். அக்கட்டுரை 1906ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

மேல்நாடு சென்று பயில உடல்நலம் இடங்கொடாது என மருத்துவர் கூறிவிட்டார். ஆகவே, இராமன் 1907ஆம் ஆண்டில் அரசாங்க நிதித்துறையில் அலுவல் ஏற்றுக் கல்கத்தா சென்றார். பகலில் கணக்குகளைப் பார்ப்பார். காலையிலும் இரவிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்வார். பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917ஆம் ஆண்டில், உயர்ந்த ஊதியத்தைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

1921ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்று மீண்டார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தோன்றுகிறது என்பது இராலே பெருமகனாரின் கருத்து. இராமன் அதனை அப்படியே ஏற்கவில்லை. சிறியதொரு பட்டகத்தால் நீர்ப்பரப்பிற் பட்டு மீளும் வானொளியை விலக்கிப் பார்த்தார். நீலம் மறையவில்லை, முன்னினும் தெளிவாக விளங்கிற்று. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என அவர் உணர்ந்தார்.

இதனை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பிப்பது எளிதன்று. நீரில் மிதக்கும் தூசியும் ஒளியைச் சிதறச் செய்யும். தூசியின் வேலையை மூலக்கூற்றின் வேலையென மயங்கினால் ஆராய்ச்சி முழுதும் பாழாகும். ஆதலால் அவரும் மாணவரும் திரவங்களை மீண்டும் மீண்டும் வாலை வடித்துத் தூய்மையாக்கினர். தூசி நீங்கிய பின்னும் ஒளிக்கற்றையின் தடம் நீலமாய்த் தோன்றிற்று.

பின்னர் அவர் சிந்தை பனிக்கட்டியின்பாற் சென்றது. உயர்ந்த மலைகளில் விழும் பனி ஆண்டாண்டாய் இறுகிப் பனியாறாகி மெல்ல நகர்கிறது. அதன் பிளவுகளில் நீலநிறம் தோன்றும். குமிழியும் மாசும் இல்லாத பனிக்கட்டியிலும் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்யும் என்று கண்ட இராமன், பனியாற்றின் நீலத்தோடு அதனை இயைத்து 1923ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதினார். பனிக்கட்டி செந்நிற ஒளியை உறிஞ்சிக்கொள்வதே அந்நீலத்தின் முதன்மைக் காரணம் என இன்றைய அறிஞர் கூறுவர். இராலேயைத் திருத்திய இராமனையும் பின்வந்தோர் திருத்தினர். இதனால் ஒருவர் பெருமையும் குறைவதில்லை. அறிவு வளரும் முறை இதுவே.

சிதறிய ஒளியை விடாது ஆராய்ந்ததன் பயனாய், 1928ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்கள் 28ஆம் நாள் பெரும் பேறு கிட்டியது. சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வெளிவருவதை இராமன் கண்டார். அவருடன் உழைத்தவர் தமிழரான கே. எஸ். கிருஷ்ணன். 'இராமன் விளைவு' எனப்படும் இக்கண்டுபிடிப்பிற்காக 1930ஆம் ஆண்டில் இராமனுக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. அறிவியலில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே.

இராமன் விலக்கிய தூசியையே இன்று அறிஞர் தேடிச் செல்கின்றனர். பாலைநிலத்து மண்துகளைக் காற்று இமயத்திற்குச் சுமந்து செல்கிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலிற் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இரும்புச் சத்துடைய செம்மண்துகளும் புகைக்கரியும் படிந்தாலோ, பனி வெயிலை உறிஞ்சி விரைந்து உருகும். வெயிலில் வெள்ளாடையினும் கருப்பாடை மிகுதியாகச் சூடேறுவது போன்றதே இது. கங்கை முதலிய ஆறுகளுக்கு நீரூட்டும் பனியாறுகள் தேய்ந்து வருவதால், இவ்வாராய்ச்சி கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைப் பற்றியதாயிற்று. ஸ்பிதிப் பகுதியில் 2016ஆம் ஆண்டில் 'ஹிமான்ஷ்' எனும் ஆய்வுநிலையம் பனியாறுகளை ஆராயும்பொருட்டு நிறுவப்பெற்றது. பழம்பனியின் ஆழத்தில் உறைந்த தூசியோ பல்லாயிரம் ஆண்டுகட்கு முன் வீசிய காற்றின் செய்தியையும் நமக்கு உரைக்கிறது.

இராமன் 1948ஆம் ஆண்டில் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறையும் வரை ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. எளிய கருவிகளே அவரிடம் இருந்தன. ஏன் என்று வினவும் உள்ளமே அவர்தம் பெருஞ்செல்வம். மாணவர்களே! கடற்கரையில் நிற்கும்போது நீங்களும் அவ்வினாவை எழுப்புங்கள். விடை பிழைபடினும் அஞ்சற்க. மயக்கும் தூசியை விலக்கி மீண்டும் நோக்குக.