இகழப்பட்டோரின் அறிவுத்தொகுப்பு: மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் வாழ்வும் பணியும்

சமூகத்தால் இகழப்பட்ட பாலியல் குழுவினர் தம்மைப் பற்றிய அறிவை எவ்வாறு பெற்றனர், எவ்வாறு பகிர்ந்தனர் என்பதை அறிய ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் (1868-1935) வாழ்வு துணைசெய்கிறது.

பால்டிக் கடற்கரை நகரான கோல்பெர்கில் யூத மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹிர்ஷ்ஃபெல்ட், தாமும் மருத்துவம் பயின்றார். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவு தண்டித்த காலம் அது. அவரிடம் மருத்துவம் பெற்ற படை அலுவலர் ஒருவர் தம் திருமணத்தையொட்டித் தற்கொலை செய்துகொண்டார். அவர் விட்டுச்சென்ற மடலே தம்மை இத்துறைக்குத் திருப்பியதாக ஹிர்ஷ்ஃபெல்ட் பதிவுசெய்துள்ளார். 1896இல் தன்பாலீர்ப்புக் குறித்த முதல் சிறுநூலைப் புனைபெயரில் வெளியிட்டார். 1897இல் பெர்லினில் அறிவியல் மனிதநேயக் குழுவை நிறுவி, அப்பிரிவை நீக்கக் கோரும் விண்ணப்பத்திற்குக் கையொப்பங்கள் திரட்டினார்.

1899 முதல் 1923 வரை அவர் வெளியிட்ட ஆண்டிதழும், அவர் வகுத்த நெடிய வினாநிரலும் அறிவை இருவழியில் செலுத்தின. வினாநிரலை நிரப்பியோர் ஆய்வுக்குத் தரவளித்தனர். அத்தரவுகளால் உருவான எழுத்துகளைப் படித்தோர் தாம் தனித்தவர் அல்லர் என உணர்ந்தனர். 1919இல் அவர் நிறுவிய பாலியல் அறிவியல் நிறுவனத்தில் நூலகம், அருங்காட்சியகம், மருத்துவ ஆலோசனை ஆகியன ஒருங்கிருந்தன. பெயர் குறிக்காது எழுதித் தரப்பட்ட ஐயங்களுக்கும் அங்கு விடையளிக்கப்பட்டது.

எனினும், அவ்வறிவு மருத்துவர் மொழியிலேயே பொதுவெளியை அடைந்தது. தன்பாலீர்ப்பை இயற்கையான இடைநிலை என அவர் விளக்கியதை, அதே சமூகத்தைச் சார்ந்த இதழாசிரியர் அடால்ஃப் பிராண்ட் ஏற்கவில்லை. தன்பாலீர்ப்பினரான ஹிர்ஷ்ஃபெல்டோ தம்மைப் பற்றிப் பொதுவெளியில் அறிவிக்கவில்லை; பிறருடைய வாழ்வனுபவங்களைத் தொகுத்தவர், தம் அனுபவத்தைச் சான்றாக முன்வைக்கவில்லை. தண்டனைச் சட்டம் நிலவிய சூழலில் ஆய்வாளர் என்னும் தகுதியே அவரைப் பேச அனுமதித்தது எனக் கருதலாம்.

1930இல் உலகப் பயணம் புறப்பட்டு, 1931இல் இந்தியாவுக்கும் வந்த அவர், பின்னர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. 1933 மே 6 அன்று நாஜி மாணவர்கள் நிறுவனத்தைச் சூறையாடினர். மே 10 அன்று அதன் நூல்கள் பெர்லினில் எரிக்கப்பட்டன. பாரிஸில் செய்திப்படம் ஒன்றில் அக்காட்சியைக் கண்ட ஹிர்ஷ்ஃபெல்ட், 1935 மே 14 அன்று, தம் 67ஆம் பிறந்தநாளில், பிரான்சின் நீஸ் நகரில் மறைந்தார். 175ஆம் பிரிவு 1994இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது.

ஓரிடத்தில் திரட்டப்பட்டவற்றுள் பெரும்பகுதி அழிந்தது. அச்சாகிப் பல கைகளுக்குச் சென்ற ஆண்டிதழ்களும் நூல்களும் எஞ்சின. இகழப்பட்டோரின் அறிவு நிலைபெறுவதற்குத் தொகுப்பைப் போலவே பரவலும் இன்றியமையாதது என்பதை அவர்தம் வாழ்வு உணர்த்துகிறது.