சூரியனை அசையச் செய்த ஜான்சென்

நிவித்திகல மலைச்சாரலில் முழுப் பகலும் வெயில் காய்வது அபூர்வம். அத்தகைய ஊரில் இருந்துகொண்டு சூரியனை ஆராய முற்பட்டவன் நான். சூரியனைத் தொலைநோக்கியில் நேரே நோக்கினால் கண் பறிபோகும். ஆகவே சிறியதொரு தொலைநோக்கியின் வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து, அதிலே தோன்றும் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து வந்தேன். நாளுக்கொரு தாளாகச் சேர்த்து, எல்லாவற்றையும் விரலால் விரைந்து புரட்டினால் புள்ளிகள் நகர்வதைக் காணலாம் என்பது என் ஆசை. பன்னிரண்டு நாளில் ஐந்து தாள்களே தேறின. ஏனைய நாட்களை மேகம் கொண்டுபோயிற்று. புரட்டிப் பார்த்தபோது புள்ளி நகரவில்லை, தவளைபோலத் தாவியது. மனம் சோர்ந்திருந்த அவ்வேளையில், சூரியனைத் தொடர்படமாகப் பிடிக்க முன்னின்று முயன்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஜூல் ஜான்செனின் வரலாற்றைப் படிக்கலானேன்.

1824ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி பாரிஸ் நகரில் பிறந்தவர் ஜான்சென். குழந்தைப் பருவத்தில் நேர்ந்த விபத்தொன்றினால் வாழ்நாள் முழுதும் கால் ஊனமுற்றவராயினார். இளமையில் வங்கியொன்றில் வேலை செய்துகொண்டே கணிதமும் பௌதிகமும் கற்றுத் தேறினார். ஊன்றி நடக்க வேண்டிய அம்மனிதர், கிரகணங்களைத் தேடிக் கடல்களைக் கடந்தார் என்பதே அவர் வாழ்க்கையின் விந்தை.

1868ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் அவர் பூரண சூரிய கிரகணத்தைக் கண்டார். ஆறு நிமிடம்கூட நீடியாத அந்த இருளில், சூரிய விளிம்பிலிருந்து எழுந்த செந்தீக் கொழுந்துகளின் ஒளியை நிறமாலைக் கருவியால் பகுத்துப் பார்த்தார். பிரகாசமான கோடுகள் தென்பட்டன. அக்கொழுந்துகள் ஒளிரும் வாயுக்களே என்பது தெளிவாயிற்று. ஆனால் அவர் சிந்தனை அத்துடன் நிற்கவில்லை. இத்துணைப் பிரகாசமான கோடுகளைக் காணக் கிரகணம் எதற்கு என்று எண்ணினார். நிறமாலைக் கருவி வானத்து வெளிச்சத்தைப் பல நிறங்களாகப் பரப்பி மங்கச் செய்யும். கொழுந்தின் ஒளியோ சில கோடுகளிலே திரண்டு நிற்கும். மறுநாட் காலையிலேயே, கிரகணம் இல்லாத வெட்டவெளியில் அக்கொழுந்துகளை அவர் கண்டுகொண்டார். தொடர்ந்து 17 நாட்கள் நோக்கி, அவை உருமாறிக்கொண்டே இருப்பதையும் உணர்ந்தார். இங்கிலாந்தில் லொக்கியர் என்பாரும் தனித்து இவ்வழியைக் கண்டறிந்தார். இருவர் கடிதங்களும் ஒரே நாளில் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் முன் வைக்கப்பட்டன.

அதிர்ஷ்டம் எப்போதும் துணை நிற்கவில்லை. 1870 டிசம்பரில் பிரஷ்யப் படைகள் பாரிஸை முற்றுகையிட்டிருந்தன. கருவிகளுடன் பலூனில் ஏறி, எதிரிகளின் தலைக்கு மேலே பறந்து தப்பி, கிரகணத்தைக் காண அல்ஜீரியாவின் ஓரான் நகரை அடைந்தார். அன்று மேகம் சூரியனை மூடிவிட்டது! அடுத்த ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி நீலகிரியின் சோலூரில் மீண்டும் காத்திருந்தார். இம்முறை வானம் வழிவிட்டது. அதே கிரகணத்தின் நிழல் நம் யாழ்ப்பாணத்தின் மீதும் படர்ந்து சென்றது.

1874ஆம் ஆண்டில் சுக்கிரன் சூரியனைக் கடக்கவிருந்தது. அது சூரிய விளிம்பைத் தொடும் கணத்தைத் துல்லியமாகக் குறித்தால், சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம். ஆனால் அக்கணத்தில் கோளுக்கும் விளிம்புக்கும் இடையே கரிய துளியொன்று ஒட்டி நிற்பதுபோலத் தோன்றி, பார்ப்பவர்களை ஏமாற்றும். ஜான்சென் கண்டு சொன்ன பரிகாரம் எளியது: அக்கணத்தை ஊகிக்க வேண்டாம், அதன் முன்னும் பின்னும் இடைவிடாது படம் பிடித்தால், அது எங்கேனும் அகப்பட்டே தீரும். கைத்துப்பாக்கியின் சுழலும் அறைகளைப்போல, வெள்ளி பூசிய வட்டத் தகடொன்றைக் கடிகாரப் பொறியால் படிப்படியாகத் திருப்பும் கருவியை அமைத்தார். 72 விநாடிகளில் 48 படங்கள் அதில் பதியும். டிசம்பர் 9ஆம் திகதி ஜப்பானின் நாகசாகியில் அது இயங்கியது.

சூரியனின் தூரத்தை அளக்க அப்படங்கள் எதிர்பார்த்த அளவு உதவவில்லை. எனினும் விதை வீண்போகவில்லை. அம்முறையைப் பின்பற்றியே 1882இல் மாரே என்பார் பறவைகளின் பறத்தலைப் படம்பிடித்தார். அவ்வழியிலேதான் சலனப்படம் வளர்ந்தது. 1895இல் லியோன் நகருக்கு அருகில் லூமியேர் சகோதரர் எடுத்த ஆரம்பகாலச் சலனப்படமொன்றில், 71 வயதான ஜான்சென் தாமே தோன்றுகிறார். மூடொன் வானாய்வகத்தை நிறுவி, அங்கே ஆண்டுக்கணக்கில் சூரியனைப் படம்பிடித்து வந்த அப்பெரியார் 1907 டிசம்பர் 23ஆம் திகதி மறைந்தார்.

அவர் கதை என் தவற்றையும் எனக்குக் காட்டியது. அசைவு என்பது படங்களில் மட்டும் இல்லை. அவற்றினிடையே உள்ள சமமான கால இடைவெளியிலும் இருக்கிறது. நானோ, மேகம் மூடிய நாட்களை விட்டுவிட்டுத் தாள்களை நெருக்கி அடுக்கியிருந்தேன். இப்போது அந்நாட்களுக்கும் வெற்றுத் தாளொன்றை இடையே வைக்கிறேன். புரட்டும்போது புள்ளி மறைகிறது. மீண்டும் தோன்றும்போது, தான் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. மேகத்துக்கு அப்பாலும் சூரியன் சுழன்றுகொண்டுதான் இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.