மாதச் சம்பளம் போனது, சொந்த அச்சகம் வந்தது: பல்லாவரத்தில் மறைமலையடிகள் என்ன செய்தார்?

மறைமலை நகரில் லோக்கல் ரயில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்குறீங்க. கிளம்பிய ஊருக்கும், அங்கே அடையாற்றின் மேல் இருக்கும் பாலத்துக்கும் ஒரே மனிதரின் பெயர்தான். அவர் வாழ்ந்த பல்லாவரமும் இதே வழியில்தான் வருது. தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர் என்பது பலருக்கும் தெரியும். தன் எழுத்தைத் தானே அச்சிட்டு விற்றவர் என்பது அவ்வளவாகத் தெரியாது.

வேலை எப்படிப் போனது?

1876-ல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர் வேதாசலம். அப்பா இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. அதன் பிறகு புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமி பிள்ளையிடம் தமிழ் படித்தார். கடையில் இருந்த நூல்கள்தான் அவருக்குக் கல்லூரி.

1898-ல் சென்னை கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது. தாம்பரத்துக்கு மாறியது 1937-ல்தான். வேலையில் இருக்கும்போதே, 1902-ல், 'ஞானசாகரம்' என்ற இதழைத் தொடங்கினார். இன்றைய மொழியில் சொன்னால், அது அவரோட சைடு புராஜெக்ட்.

பிறகு பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் தமிழ் கட்டாயம் இல்லை என்றானது. தமிழாசிரியர்களின் தேவையும் குறைந்தது. 13 ஆண்டு வேலைக்குப் பின், 1911-ல், கல்லூரியை விட்டு வெளியேறினார். அப்போது வயது 35-ஐ நெருங்கியிருந்தது. மனைவி, பிள்ளைகள் என்று பெரிய குடும்பம் வேறு.

பல்லாவரத்தில் என்ன செய்தார்?

குடும்பத்தோடு பல்லாவரத்துக்குக் குடிவந்தார். அச்சகம் வைத்தார். எழுதுவது, பிழை திருத்துவது, அச்சிடுவது, விற்பது என எல்லாப் பொறுப்பும் அவர் தலையில். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியது வருமானத்துக்கும் உதவியது, வாசகர்களையும் சேர்த்தது. தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்திலும் நீண்ட முன்னுரை எழுதினார். தமிழ் இலக்கியம் பக்கம் வராத ஆங்கிலம் படித்தவர்களையும் உள்ளே இழுக்க அது ஒரு வழி.

கஷ்டமும் இருந்தது. இதழ் ஒழுங்காக மாதாமாதம் வரவில்லை. நின்று நின்றுதான் வந்தது. எழுதுபவரே எல்லாத்தையும் பார்க்கும்போது, ஒரு வேலை தள்ளிப்போனா மற்றதும் தள்ளிப்போகும். தனியாக எழுதி வெளியிடும் யாருக்கும் இது புரியும்.

அதனால் என்ன கிடைத்தது?

தன்னையே திருத்திக்கொள்ளும் சுதந்திரம் கிடைத்தது. 1916-ல் பிறமொழிச் சொல் கலவாமல் எழுதுவது என்று முடிவெடுத்தார். வேதாசலம் 'மறைமலை' ஆனார்; 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆனது. அத்தோடு நிற்கவில்லை. ஏற்கெனவே வெளியான நூல்களை மறுபதிப்பில் எடுத்து, அவற்றில் இருந்த வடசொற்களை நீக்கித் தமிழ்ச் சொற்களை வைத்தார். 1903-ல் வந்த 'முல்லைப்பாட்டு ஆராய்ச்சி'யும் இப்படி மாறிய நூல்தான்.

யோசிச்சுப் பாருங்க, விற்ற புத்தகத்தை அவ்வளவு தூரம் மாற்றி எழுத எந்தப் பதிப்பாளர் சம்மதிப்பார்? எழுத்தும் அச்சகமும் ஒரே கையில் இருந்ததால்தான் அது முடிந்தது.

தடுக்க ஆள் இல்லாததற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'வேளாளர் நாகரிகம்' போன்ற நூல்களில் உள்ள சாதிப் பார்வை இன்றும் விமர்சிக்கப்படுகிறது.

கடைசிவரை தனியாகவா?

இல்லை. மகள் நீலாம்பிகையை மணந்த வ. திருவரங்கம் பிள்ளை, 1920-ல் தொடங்கிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தோடு இருந்தவர். அடிகளின் நூல்களை அந்தக் கழகம் தொடர்ந்து மறுபதிப்பு செய்தது. ஒருவர் தனியாக எழுதி அச்சிடலாம். அவருக்குப் பிறகும் அது கிடைக்க ஒரு அமைப்பு வேண்டியிருக்கு.

1950 செப்டம்பர் 15-ல் அவர் காலமானார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சுமார் 4,000 நூல்களோடு, 1958-ல் அவர் பெயரில் சென்னையில் நூல்நிலையம் திறக்கப்பட்டது. அந்தச் சேகரிப்பு இப்போது கன்னிமாரா நூலகத்தில் இருக்கிறது. எழும்பூரில் இறங்கினா, நடந்தே போயிடலாம்.